ஊக்குக் கிண்ணம்

"கதவை விரியத் திறந்துதானே வெச்சிருக்கேன் செண்பகம்? ஏன் ஒருத்தியும் உள்ள வர மாட்டேங்கிறா?"

மங்கையர்க்கரசி இப்படிக் கேட்டது ஒன்பதாவது புதன்கிழமை.

செண்பகம் நைட்ரஜன் கேனின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அது பல்கலைக்கழகத்தின் பொது ஆய்வகம். எந்தத் துறைக்கும் சொந்தமில்லை, எல்லாத் துறைக்கும் சொந்தம். நடு அறையில் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளி நிறத்தில் ஓர் உருளை நிற்கும். உள்ளே பெரிய காந்தம். இலைச்சாறோ மருந்துப் பொடியோ, கரைத்துச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு உள்ளே இறக்கினால் அதில் இன்னது இருக்கிறது என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடும். உருளையைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டி இரும்பு போனால் பறந்துபோய் ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஆய்வகத்துக்குப் பொறுப்பாளராக வந்த முதல் பெண் மங்கை.

வந்ததும் ஆய்வகத்தை நிர்வகிக்கும் குழுவோடு மல்லுக்கு நின்று ஒரு நாளை வாங்கினாள். புதன்கிழமை. வெளியூர்க் கல்லூரிகளில் ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கென்றே ஒரு நாள்.

"பத்துப் புதன் பார்ப்போம்," என்றார்கள் குழுவின் ஏழு ஆண்களும். "ஈ காக்கை வரலைன்னா திருப்பி எடுத்துக்குவோம்."

நாற்பது கல்லூரிக்குக் கடிதம் போட்டாள். பல ஊருக்கு நேரிலும் போய் மைக் பிடித்துப் பேசினாள். பெண்கள் கை வலிக்கத் தட்டினார்கள். வந்தார்களா? அதுதான் இல்லை.

அவள் மட்டும் புதன்தோறும் அந்தக் காந்தத்துக்கு எதிரே நாற்காலி போட்டு, பைலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

மற்ற நாள் மட்டும் என்ன வாழ்ந்தது? முன்பெல்லாம் மத்தியானம் வேப்பமரத்தடியில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவளும் போவாள். பொறுப்பாளர் ஆன பிறகு இவள் தலை தெரிந்தாலே பேச்சு நின்றுவிடும். "வாங்க மேடம்" என்று எழுந்து நிற்பார்கள். எல்லாரும் எழுந்து நின்றால் மனுஷி எப்படிச் சாப்பிடுவாள்? தன் அறையிலேயே டப்பாவைத் திறக்க ஆரம்பித்தாள். சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"நீங்களாவது சொல்லுங்க செண்பகம். என்ன தப்பு பண்ணேன்?"

செண்பகம் நிமிர்ந்தாள். இவளை மங்கைக்குக் குரு என்று யாராவது சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். மங்கையைவிட எட்டு வயது சின்னவள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பதினெட்டு வருஷமாக அந்தக் காந்தம் சூடேறாமல் இருக்க நைட்ரஜன் ஊற்றுகிறவள்.

"அடுத்த புதன் உள்ள உக்காராதீங்க மேடம்," என்றாள்.

"வேற எங்க?"

"செருப்பு விடற எடத்துல. கழுத்துல கார்டு வேணாம்."

அவ்வளவுதான். கேனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பத்தாவது புதன்.

மங்கை கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பு அலமாரிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். திறந்த கதவு வழியாக உருளை தெரிந்தது. அங்கிருந்து பார்க்க அது வேறு யாருடையதோ போல இருந்தது.

பத்தரை மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில். கையில் சாப்பாட்டு டப்பா. பெஞ்சில் மங்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நீங்களும் சாம்பிள் கொண்டாந்திருக்கீங்களாக்கா?"

மங்கை சிரித்தாள். "உன் பேரென்ன?"

"கோமதி." டப்பாவைத் திறந்தாள். உள்ளே துண்டில் சுற்றிய ஆறு சின்னக் குழாய்கள். "குப்பைமேனிக்கா. மூணு வருஷம் பிரிச்சுப் பிரிச்சு இம்புட்டுதான் தேறுச்சு. இது என்னன்னு தெரிஞ்சாத்தான் எங்க சார் மேற்கொண்டு எழுதவே விடுவாரு."

பத்தாவது புதனுக்கு ஒருத்தி! மங்கைக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

கோமதி எழுந்து கதவருகில் போனாள். அங்கே தொங்கிய போர்டைப் படித்தாள்.

'உள்ளே வருவோர் உடலில் உள்ள எல்லா உலோகப் பொருள்களையும் கழற்றிவிட்டு வரவும். விதிவிலக்கு கிடையாது.' கீழே பொறுப்பாளர் கையெழுத்து.

வாட்சைக் கழற்றினாள். போனை எடுத்து வைத்தாள். பிறகு கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"இதையுமாக்கா?"

தாலிச் சங்கிலி.

தாலி வேண்டுமா வேண்டாமா என்று இங்கே வழக்கு நடத்த வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது.

தங்கத்தைக் காந்தம் இழுக்காது. மங்கையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பிறகு ஏன் அப்படி எழுதினாள்? அவள் பொறுப்பேற்ற முதல் மாதம் யாரோ ஒருவரின் சாவிக்கொத்து பறந்துபோய் உருளையில் ஒட்டிக்கொண்டது. குழு அவளை இரண்டு மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டது. "லேடீஸ் கையில குடுத்தா இப்படித்தான்," என்று ஒருவர் முனகினார். மறுநாளே போர்டு மாட்டினாள். எல்லா உலோகமும். எதுக்கு வம்பு!

"கல்யாணமாகி ஒம்பது மாசந்தான் ஆகுது," என்றாள் கோமதி. "கழட்டினேன்னு தெரிஞ்சா எங்க அத்தை அழுவாங்க. ஏசுனாக்கூடத் தேவலக்கா, அழுவாங்க."

திரும்பி மங்கையின் கழுத்தையும் காதையும் பார்த்தாள்.

"உங்களுக்கு வசதிக்கா. கழட்ட ஒண்ணுமே இல்ல."

மங்கையின் கை தன் காதுக்குப் போனது. துளை தூர்ந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஜிமிக்கி ஆட ஆட அவள் முதல் முதலாக ஓர் ஆய்வகத்துக்குள் போனாள். "நகைக்கடைக்கு வழி தெரியாம வந்துட்டியாம்மா?" என்றார் பேராசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் ஜிமிக்கி இல்லை. அடுத்து பூ போனது. டீ நேரத்துப் பேச்சு போனது. அவள் சிரித்தால் மூன்று அறை தாண்டிக் கேட்கும். அந்தச் சிரிப்பும் போனது. எதையும் யாரும் எழுதிக் கேட்கவில்லை. இவளாகத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள்.

கோமதி குழாய்களைத் துண்டில் சுற்றி டப்பாவை மூடினாள். வாட்சைக் கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பதினொன்னே காலுக்கு ஒரு பஸ் இருக்குக்கா. வரட்டா?"

மங்கை கதவுப் பக்கம் திரும்பினாள். போர்டில் இருப்பது அவள் கையெழுத்து.

கோமதி படியிறங்கிப் போனாள்.

அப்போது செண்பகம் பக்கத்து அறையிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்தாள். தன் தாலிச் சங்கிலியை வெளியே இழுத்தாள். அதில் மூன்று ஊக்கு தொங்கியது. நம் பக்கத்தில் எந்தப் பெண் சங்கிலியில் ஊக்கு மாட்டாமல் இருக்கிறாள்? ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள்.

கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்தாள். திரும்பி நடந்தாள். மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். உருளைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று குனிந்தாள்.

தாலிச் சங்கிலி நேராகத் தரையைப் பார்த்துத் தொங்கியது. அசையவில்லை.

செண்பகம் குனிந்த வாக்கில் மங்கையைப் பார்த்தாள். வேலை போனாலும் போகட்டும் என்கிற பார்வை.

மங்கை எழுந்து ஓடினாள்.

செருப்பு மாட்டவும் தோன்றவில்லை. வெயிலில் காய்ந்த சரளைக் கல்லில் வெறுங்காலோடு ஓடினாள். வாட்ச்மேன் சல்யூட் அடிக்கத் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார்.

"கோமதி! நில்லும்மா! ஏ கோமதி!"

கேட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் திரும்பினாள்.

"சங்கிலியில ஊக்கை மட்டும் கழட்டினாப் போதும்," என்றாள் மங்கை, மூச்சு வாங்க. "தாலியைக் காந்தம் ஒண்ணும் பண்ணாது."

"யாருக்கா சொன்னா? போர்டுல அப்படிப் போடலையே."

"அதை எழுதினவ நாந்தான்."

கோமதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ! மேடம், தெரியாம அக்கா அக்கான்னு..."

"அக்கான்னே சொல்லு."

கோமதியின் சங்கிலியில் ஐந்து ஊக்கு இருந்தது. கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினாள். ஆறு குழாய்களும் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. புதன்கிழமைப் பதிவேட்டில் முதல் பெயர் ஏறியது. "திரையில கோடு கோடா வருது, வருதுக்கா!" என்று உள்ளே அவள் கத்துவது வாசலுக்குக் கேட்டது.

மங்கை போர்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கால் எரிந்தது.

"இதுக்கு முன்னாடியும் வந்தாங்களா செண்பகம்?"

"பதினாலு பேரு. கழுத்தைத் தொட்டுப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க."

"ஏன் சொல்லல?"

"மூணாவது புதனே சொன்னேன் மேடம். 'ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்'னீங்க. பைல்லேர்ந்து தலையைத் தூக்கல."

மங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"பதினெட்டு வருஷமா சங்கிலியோடதான் உள்ள போறீங்களா?"

"ஆமா. நீங்கதான் பாக்கல."

வேப்பமரத்துப் பக்கமிருந்து டப்பா திறக்கிற சத்தமும் பேச்சும் கேட்டது. மங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் எவ்வளவோ கழட்டி வெச்சுட்டுத்தானே செண்பகம் இதுக்குள்ள வந்தேன்."

செண்பகம் கிண்ணத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள். உள்ளே எட்டு ஊக்கு. காந்தத்துக்காகக் கழற்ற வேண்டியது அவ்வளவுதான்.

"அக்கா, இதுல உங்களுது எது?"