மொந்தேரா மூஞ்சி

இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் எம் மீசை இப்பவே உதிரட்டும். மீசையே இல்லையேன்னு பாக்காதீங்க. அது போன தடவை கதை சொன்னப்ப உதிர்ந்தது.

அந்தக் காலத்துல காக்கா பேசும். மனுசனும் நின்னு கேப்பான், அதுதான் அதிசயம்.

கடக்கரையில ஒரு ஊரு. ஊர்த் தலைவரு இஞ்ஞாசி மொந்தேரா. மொந்தேராங்கிறது வீட்டுப் பேரு. அந்தப் பேருக்கு மிச்சம் அவரும், அவரு மவன் லாசரும் மட்டுந்தான். பேரு அழிஞ்சிருமோன்னு மனுசனுக்குச் சோறு எறங்காது. கோயில் கோபுரத்துல இருக்க காக்காகிட்ட தெனமும் கேப்பாரு.

"ஏ காக்கா, ஊரூராத் திரியுறியே, எவன் வாயிலயாவது எம் பேரு இருக்கா?"

"எங்க இருக்கு, தலைவரே! எல்லாவன் வாயிலயும் மீன் வெலதான் இருக்கு."

அந்த வருசம் பலிபீடத்துக்கு ராயப்பர்ங்கிற புனிதரு படம் வரைய சூசைக்கண்ணுன்னு ஒரு ஓவியக்காரன் வந்தான். தலைவரு அவன் கொட்டகையில போயி நின்னாரு.

"ராயப்பர் கையில என்னவே இருக்கும்?"

"மோட்சத்துச் சாவி, ஐயா."

"இந்த ஊரு வழக்கப்படி கோயில் சாவி யாரு இடுப்புல இருக்கு?"

"தலைவரு இடுப்புல."

"அப்ப மூஞ்சியும் என்னோடதுதான். வரை."

பங்குச் சாமியாரு காதுக்கு விசயம் போச்சு. "மொந்தேரா, கோயிலு உம்ம வீட்டுக் கூடமில்ல. பலிபீடத்துல உம்ம மூஞ்சி ஏறாது."

"அப்ப கதவும் தொறக்காது, சாமி." பூட்டிட்டு வாசல்லயே உக்காந்துட்டாரு.

மறுநாள் மத்தியானம் வானம் கறுத்துப்போச்சு. மழையில கரை எங்கன்னே தெரியல. வள்ளமெல்லாம் கடல்ல. கோயில் மணிச் சத்தம் கேட்டாத்தான் கரை தெரிஞ்சு திரும்புவானுவ. மணிக்கயிறோ பூட்டுன கோயிலுக்குள்ள.

பொம்பளையாளுவ அவரு கால்ல விழுந்தாளுவ. "சாவியக் குடுங்கய்யா!"

"மொதல்ல மூஞ்சி."

லாசர் வீட்டுல கிழிஞ்ச வலையப் பொத்திக்கிட்டு இருக்கான்னு அவரு நெனப்பு. காய்ச்சல்ல கெடந்த ஒருத்தனுக்குப் பதிலா அவன் வள்ளம் ஏறினது அவருக்குத் தெரியாது.

சாமியாரு தோத்துப்போயி சூசைக்கண்ணப் பாத்துத் தலையாட்டினாரு. அவன் அவசர அவசரமா வரைஞ்சு, ஈரம் காயாமலே தூக்கிட்டு ஓடியாந்தான். கதவு தொறந்துச்சு. மணி அடிச்சாங்க. அடிச்சாங்க, அடிச்சாங்க. ஒரு வள்ளமும் வரல.

விடிஞ்சப்ப மொதல்ல கரை ஒதுங்குனது லாசர்.

அடக்கத்துக்குச் சவப்பெட்டிய உள்ள கொண்டு போனா, பலிபீடத்துல அவரு மூஞ்சியே சாவியோட நிக்குது.

"எறக்கிருங்க சாமி."

"கேட்டது நீருதான. இருக்கட்டும்."

தலைவரு வெளிய வந்தாரு. கோபுரத்துல இருந்து காக்கா கூப்பிட்டுச்சு.

"இன்னைக்குக் கேக்க மறந்துட்டீரே, தலைவரே. எல்லாவன் வாயிலயும் உம்ம பேருதான்."

அவரு காதைப் பொத்திக்கிட்டாரு. கேக்க ஆளில்லாமப் போகவே காக்காவும் பேச்ச விட்டுருச்சு.

அன்னையில இருந்துதான், கோயில் காரியத்துல ஊர்ப் பெரியவன் நாட்டாமை பண்ணா அதுக்கு 'மொந்தேராத்தனம்'னு பேரு. படத்துல சாமி இருக்க வேண்டிய எடத்துல துட்டுக்காரன் இருந்தா, அது 'மொந்தேரா மூஞ்சி'.

சரி, கத முடிஞ்சுது. ஆளுக்கு ரெண்டு பொரிச்ச சாளை மீன் இந்த எலையில விழணும். விழலையா? உங்க வீட்டுப் பேரச் சொல்லிட்டுப் போங்க, அதுக்கு ஒரு அர்த்தம் பண்ணி வைக்கேன்.