தேய்ந்தது எது?

மலைநகர கோல்ஃப் கிளப்பில் மட்டைப் பைகளைச் சுமப்பதும் மட்டைகளைத் துடைப்பதும் எஸ்தரின் வேலை. போட்டியில் தோற்ற கிளப் தலைவர் வைத்தியலிங்கம், உறுப்பினர்கள் நடுவே நாற்காலியில் அமர்ந்து அவளைக் கூப்பிட்டார்.

"மட்டைப் பிடியெல்லாம் தேய்ஞ்சு வழுக்குது. ஒரு மணி நேரத்துல புதுசாக்கு. இல்லைன்னா வேலையை விட்டுப் போ."

எஸ்தர் ரப்பர் பிடிகளைச் சோப்புத் தண்ணீர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்தாள். துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் லேசாக உரசினாள். தலைவர் பிடித்துப் பார்த்தார். வழுக்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

"இவ்வளவு தேயுற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே?"

"பிடி தேயலைங்க ஐயா, அழுக்குதான். தேய்ஞ்சது உங்க வலது ஷூ முனை. புதர்ல விழுற பந்தையெல்லாம் மட்டையால அடிக்காம, யாரும் பார்க்காதப்போ அதாலதானே வெளியே தள்ளுறீங்க. அதையும் சரிபண்ணித் தரட்டுங்களா?"

எல்லோரும் ஷூவைப் பார்த்தார்கள். தலைவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "சரி சரி, போய் உன் வேலையைப் பாரு" என்றார்.