பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய கேமரா

"தெரியாத சாமானை வாங்கப் போறவன், தெரிஞ்ச சாமானை வாங்கற மாதிரியே வாங்கோணும். ஆனா..." என்று எங்கள் பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் நீளமாக ஏதோ இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்துவிட்டது. நான் இலையைக் கவனித்துவிட்டேன். முப்பது வருஷம் கழித்து, வெளிநாட்டு வேலையை விட்டுக் கோணக்காட்டுப்புதூருக்கே திரும்பி வந்த பிறகு, அந்த வசனத்தின் முன்பாதியை மட்டும் ஒருவருக்குச் சொன்னேன்.

அந்த ஒருவர் ராக்கியப்பன். அறுபது வயது. ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு பசு. மகள் துபாயில் இரட்டைப் பிள்ளை பெற்றிருந்தாள். உதவிக்கு மனைவி பாவாயி போனாள். மூன்று மாசம் இருந்தாக வேண்டும். பெட்டியைத் தூக்கும்போது அவளுக்கு விமானத்தைப் பற்றிப் பயமில்லை, பசுவைப் பற்றித்தான் பயம். பசுவின் பெயர் மயிலை. நிறைசினை.

"திங்கக்கிழமையில இருந்து தெனமும் ஒரு போட்டோ வரோணும். மயிலையும் நீங்களும் சேந்து நிக்கோணும். ஒரு நாள் வரலீனா அடுத்த பிளேன்ல ஏறி வந்துருவேன். அப்புறம் ரெட்டைப் புள்ளைய உங்க மக ஒத்தையிலதான் பாக்கோணும், சொல்லிப்போட்டேன்" என்றாள்.

பாவாயி சொன்னால் செய்கிறவள். "ஸ்டாப்புல நிறுத்தலீனா குதிச்சிருவேன்" என்று ஒரு தடவை கண்டக்டரிடம் சொன்னாள். கண்டக்டர் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் வீட்டுக்குப் போய் உலை வைத்திருந்தாள்.

ராக்கியப்பனிடம் இருந்தது பட்டன் போன். "எம்பட போனு பேசுமுங்க, பாக்காது" என்று என்னிடம் வந்தார். படம் எடுக்கிற போனாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றேன். கூட வந்திருந்த நாச்சிமுத்து குறுக்கே கையை நீட்டினார். அவர் பாவாயியின் அண்ணன், மாட்டு விஷயத்தில் ஊருக்கே நிபுணர்.

"உழவுக்கு ஒண்ணு, பாலுக்கு ஒண்ணுங்க. ரெண்டுக்கும் ஒண்ணையே வெச்சா ரெண்டும் கெட்டுப்போகும்."

சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமரா போதும் என்று சொல்லி, ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும். கையில் எடுத்துக் கனம் பார்க்க வேண்டும். மங்கல் வெளிச்சத்திலும் கண் நன்றாகத் தெரிய வேண்டும். எழுதிவிட்டு, பெரியப்பாவின் வசனத்தையும் சொல்லி, "நீங்க மாடு வாங்குற மாதிரி நிதானமாப் பாத்து வாங்குங்க, ஏமாற மாட்டீங்க" என்றேன். படம் அனுப்புவதற்குப் பக்கத்து ஊர் ஜெராக்ஸ் கடையில் ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போய்விட்டேன். இனி நான் சொல்வதெல்லாம் திரும்பி வந்தபின் கேட்டது. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூன்று பேரும் ஒன்றுபோலவே சொன்னார்கள், பெருமையாக.

மூன்றாவது ஆள் அர்த்தனாரி. ராக்கியப்பனுக்குப் பங்காளி. அதிகம் பேசமாட்டார். எல்லோரும் பேசி ஓய்ந்தபின் ஒன்று சொல்வார். அதைத்தான் செய்வார்கள்.

முதல் வரியிலேயே சிக்கல். பைக்குள் அடங்க வேண்டுமென்றால், பை காலியாக இருக்க வேண்டும். ராக்கியப்பன் பையில் பொடிமட்டை, மூக்குக்கண்ணாடி, பழைய பஸ் டிக்கெட்டுகள்.

"எல்லாத்தையும் எடுத்து வீட்ல வெச்சுட்டுப் போலாமுங்க" என்றார் ராக்கியப்பன்.

"பொடியில்லாம நீங்க ஈரோடு வரைக்கும் வருவீங்களா மாப்ள?" என்றார் நாச்சிமுத்து.

"மாட்டேன்."

நெடுநேரம் கழித்து அர்த்தனாரி சொன்னார். "கடைக்கு வேண்டியது பை. சட்டை எதுக்குங்க பங்காளி?"

அதுவும் சரிதான் என்று பட்டது. நல்ல சட்டையின் பையைக் கத்தரித்து எடுத்து, மடித்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்கள். பொடிமட்டையை ராக்கியப்பன் கையில் பிடித்துக்கொண்டார். மாடு கட்டும் கொச்சக் கயிறு ஒன்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

கயிறு எதற்கு என்று சந்தைக்குப் போகாதவர்கள் கேட்கலாம். மாட்டை விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வார். கயிறோடு கொடுத்தால் அவர் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாங்குகிறவர்தான் தன் வீட்டுக் கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டி ஓட்டி வர வேண்டும்.

ஈரோட்டுக் கடையில் ஷாகிதா என்ற பெண் இருந்தாள். பத்து வருஷமாகக் கேமரா விற்கிறவள், பொறுமைசாலி. மூன்று பேரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சட்டைப் பையை மேசைமேல் விரித்தார்கள்.

"இதுக்குள்ள அடங்கோணும் அம்மிணி."

அவள் சட்டையில்லாத பையைப் பார்த்தாள். பையில்லாத சட்டை எங்காவது இருக்கிறதா என்று மூவரையும் பார்த்தாள். பிறகு ஐந்தாறு சின்னக் கேமராக்களை எடுத்து வைத்தாள். அதில் மூன்று அடங்கின.

முதலாவதின் பொத்தானை அமுக்கினாள். உர்ரென்று சத்தம் போட்டுக் கண்ணாடி முன்னால் நீண்டது. ராக்கியப்பன் இரண்டடி பின்னால் தாவினார்.

"முட்டற மாடு! வேண்டாமுங்க!"

"ஜூம் சார் அது. தூரத்துல இருக்கறதக் கிட்டக் காட்டும்."

"தூரத்துல நிக்கற ஆளையே முட்டுமுங்களா?"

நாச்சிமுத்து குனிந்து, கண்ணாடிக்கு முன்னால் முகத்தை வைத்து, அசையாமல் நின்றார். கேமராவும் அசையவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முட்டலீங் மாப்ள. மோந்து பாக்குது. மோந்து பாக்கற மாடு சீக்கிரம் பழகும்" என்றார்.

அடுத்து கண். துண்டைச் சுருட்டித் திடீரென்று அதன் முன்னால் வீசினார். கண் சிமிட்டவில்லை. மங்கல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமே என்று மேசைக்கு அடியில் கொண்டுபோய்த் தானும் நுழைந்து, "எத்தனை விரலுங்க?" என்று அதனிடம் கேட்டார். அந்த நேரம் அதன்மேல் எதுவோ அமுங்கி, பளீரென்று ஒரு மின்னல் அடித்தது. வெளியே வந்தபோது நாச்சிமுத்துவுக்குத்தான் கண் தெரியவில்லை. "அதுக்கு நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

பிறகு சுழி. மாட்டின் முடிச்சுழியைப் பார்த்துத்தான் ராசி சொல்வார்கள். கேமராவின் தலையில் வட்டமாக ஒன்று இருந்தது. ராக்கியப்பன் தொட்டார், அது திரும்பியது.

"மச்சான், சுழி சுத்துதுங்க!"

நாச்சிமுத்து நாற்பது வருஷத்தில் எத்தனையோ சுழி பார்த்தவர். ராஜசுழி பார்த்திருக்கிறார், ஆகாத பாடைச்சுழியும் பார்த்திருக்கிறார். திருப்பினால் ஒன்று இன்னொன்றாக மாறுகிற சுழியைப் பார்த்ததில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார்.

"இப்ப நிக்கறது ராஜசுழி. யாரும் தொடாதீங்க."

ஷாகிதா தலையைத் திருப்பிக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

கடைசியில் பல். "வாயத் தொறந்து காட்டுங்க அம்மிணி" என்றார்கள். அவளுக்கும் இதற்குள் பழகிப்போயிருந்தது. எதை வாய் என்கிறார்கள் என்று கேட்காமலே அடிப்பக்கத்து மூடியைத் திறந்து காட்டினாள். மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு பல்லுகூட இல்லீங்களே!"

"மெமரி கார்டுங்களா? அது தனியா வாங்கோணும் சார்" என்று அவள் நகமளவு அட்டை ஒன்றை எடுத்து உள்ளே செருகினாள்.

மூவரும் வாசல் பக்கம் ஒதுங்கினார்கள்.

"பல்லைத் தனியா வெச்சு விக்கறாங்க மச்சான். கிழட்டு மாடோ என்னமோ."

"கிழடுன்னா தேஞ்ச பல்லு இருக்குமே மாப்ள. இது இன்னும் பல்லே போடாதது. கன்னுக்குட்டி. முதல் பல்லு இப்ப நம்ம கண்ணு முன்னாடிதான் போட்டுது."

"முதல் பல்லு போடறதப் பாத்தவங்க ஊர்ல யாரு இருக்காங்க?" என்றார் அர்த்தனாரி. யாரும் இல்லை. அதோடு முடிவாகிவிட்டது.

விலை கேமராவிலேயே சீட்டாக ஒட்டியிருந்தது. ஆனால் துண்டுக்குள் கை விட்டு விரலைப் பிடித்து விலை பேசாமல் நாச்சிமுத்து எதையும் வாங்கியதில்லை. பெண்பிள்ளை கையைப் பிடிக்க முடியுமா? வாசலில் நின்ற வாட்ச்மேனை அழைத்து, அவர் கையின்மேல் துண்டைப் போட்டார். இரண்டு விரலை அழுத்தினார், ஒன்றை மடக்கினார், சுண்டுவிரலைச் சுரண்டினார். வாட்ச்மேனுக்குக் கூச்சம். நெளிந்து நெளிந்து சிரித்தார்.

"சிரிக்கறாரு. கட்டுபடியாகுது போல" என்று நாச்சிமுத்து திருப்தியாகத் துண்டை எடுத்தார். ஒட்டியிருந்த விலையையே கொடுத்தார்கள்.

ஷாகிதா பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள். மூவரும் பதறிவிட்டார்கள். பார்த்த மாடு ஒன்று, ஓட்டிப் போகிற மாடு வேறா? மோந்து பார்த்துப் பழகியதுதான் வேண்டும் என்று நின்றார்கள். கடையில் காட்டுவதற்காகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த அந்தக் கேமராவையே அவள் கொடுத்தாள். கூடவே கைக்கு மாட்டும் சின்ன வாரையும், சுருட்டிய கறுப்பு ஒயரையும் வைத்துவிட்டு, பில் போடத் திரும்பினாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ரெண்டு கயிறு, மச்சான்."

"அந்தப் புள்ளைக்கு வழக்கம் தெரியல. பாவம், பத்து வருசமா இப்படியே குடுத்துக் குடுத்து லட்சுமிய அனுப்பிட்டிருக்குது போல."

பில்லை வாங்கிக்கொண்டு, அவள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனதும், வாரையும் ஒயரையும் ஒரு வெற்றிலைமேல் வைத்து, ஒரு ரூபாயும் வைத்து, மேசையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தங்கள் கொச்சக் கயிற்றைக் கேமராவின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தார்கள். கேமராவைச் சட்டைப் பையில் போட்டு, சட்டைப் பையை மஞ்சள் பையில் போட்டு, கயிற்று நுனியை ராக்கியப்பன் பிடித்துக்கொண்டார்.

பஸ் கிளம்பியபோது ஷாகிதா செருப்பில்லாமல் ரோட்டில் ஓடி வந்தாள். கையில் ஒயரைத் தூக்கிப் பிடித்து ஏதோ கத்தினாள்.

"பாத்தீங்களா, வேண்டாம்னு வெச்சுட்டு வந்தும் குடுக்க ஓடியாருது. தங்கமான மனசு" என்றார் நாச்சிமுத்து. மூவரும் ஜன்னல் வழியாக அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பஸ் வேகம் பிடித்தது.

திங்கட்கிழமை முதல் படம். ராக்கியப்பனே எடுத்தார். பல்லைப் பிடுங்கிச் சுண்ணாம்பு டப்பியில் போட்டு, சைக்கிளில் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். மத்தியானமே பாவாயியிடமிருந்து போன் வந்துவிட்டது.

"மயிலை வாட்டமில்லாம இருக்குது. நீங்க எங்க?"

"நாந்தான் எடுத்தேன்."

"எடுத்தீங்க சரி, இருக்கீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பேசிட்டிருக்கறனே?"

"பேசறது கேக்குது. பாக்கோணும்னுதான சொன்னேன்?"

செவ்வாய்க்கிழமை நாச்சிமுத்து எடுத்தார். ராக்கியப்பனும் மயிலையும் தோளோடு தோள் நின்றார்கள். புதன்கிழமையும் அப்படியே. பாவாயி துபாயில் நிம்மதியாகப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். "அம்மா இப்பத்தான் சரியாத் தூங்குது, நானும் தூங்கறேன். படத்த மட்டும் நிறுத்தீராதீங்கப்பா" என்று மகளே ஒரு தடவை பேசினாள். புது இடத்தில் மிரளக்கூடாது என்று ராக்கியப்பன் கேமராவை அன்றைக்கெல்லாம் அணைக்காமல், மயிலைக்குப் பக்கத்து முளையிலேயே கட்டி வைத்தார்.

புதன் சாயங்காலம் அது மூன்று தரம் சிவப்பாகச் சிமிட்டியது. மூஞ்சியை உள்ளே இழுத்துக்கொண்டது. பொத்தானை அமுக்கினால் அசையவில்லை.

தட்டினார்கள். தடவினார்கள். முன்னால் தவிடு வைத்தார்கள், பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தார்கள். அதையெல்லாம் மயிலைதான் எட்டித் தின்றது. நாச்சிமுத்து வாயைத் திறந்து பார்த்தார். பல் ஆடவில்லை. சுழியைப் பார்த்தார். ராஜசுழியிலேயே நின்றது.

"நோவு இல்ல மாப்ள. ஏக்கம். புது எடத்துக்கு வந்த மாடு மூணாம் நாள் தலையத் தொங்கப் போடும்."

"நாளைக்குப் படம் போகலீனா அவ பிளேன் ஏறிருவாளே மச்சான். அந்தப் புள்ள ரெண்டையும் வெச்சுட்டு என்ன பண்ணும்?"

"வாங்குன கடைக்கே ஓட்டிட்டுப் போய் ஒரு நாள் கட்டிட்டு வந்தா?" என்றார் நாச்சிமுத்து.

இந்த ஒரு யோசனையை மட்டும் செய்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அர்த்தனாரி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"கடையில எப்படி இருந்துது? அஞ்சாறு சோட்டோட இருந்துது. இங்க ஒத்தையில நிக்குது. உங்க மகளுக்கே கடவுள் ரெட்டையாக் குடுத்துருக்காரு பங்காளி. ஒத்தை மாடு தண்ணி குடிக்காது."

அவ்வளவு நேரம் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

"சோடி வாங்கறதுக்குப் பணம்?" என்றார் ராக்கியப்பன்.

மூவரும் மாட்டுக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை விடியற்காலைச் சந்தையில் மயிலையை விற்றுவிட்டு, அப்படியே எட்டு மணி பஸ்ஸில் ஈரோட்டுக்குப் போய்க் கேமராவுக்குச் சோடி வாங்கி வருவது என்று ராக்கியப்பன் முடிவு செய்தார். கயிற்றுக்குக் கவலையில்லை. மயிலையின் கயிறு இருக்கிறது.