முழங்கையில் திருநீறு

ஆற்றங்கரை மடம் ஒன்றில் கூத்தபிரான் என்று ஒரு சீடர் இருந்தார். சீடர் என்றதும் மீசை அரும்பிய இளைஞர் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டிவிட்டவர். அவருடைய குரு வாகீச அடிகளுக்கு அப்போதுதான் நாற்பது. அடிகளைவிட வயதில் மூத்த குடை ஒன்று தன்னிடம் இருப்பதாகக் கூத்தபிரான் சொல்லிச் சிரிப்பார், அடிகளுக்குக் கேட்காத தூரத்தில்.

மனைவி காலமான பிறகு மடத்துக்கு வந்தவர். வந்த நாள் முதல் அவருக்கு இருந்தது ஒரே ஆசை: தீட்சை.

அந்த மடத்தில் தீட்சைக்கு ஒரு முறை உண்டு. ஊரும் உறவும் கூடிய சபையில் சீடர் மேல்துண்டு இல்லாமல் நிற்க வேண்டும். குரு தம் கையாலேயே தலை, நெற்றி, மார்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வரிசையாகத் திருநீறு இடுவார். அதன் பிறகுதான் காதில் மந்திரம்.

கார்த்திகையில் ஒருநாள் பூசை முடிந்ததும் அடிகள் சொன்னார்.

"தைப்பூசத்துக்கு ரெண்டு பேருக்குத் தீட்சை. கூத்தபிரான் ஐயாவுக்கும் தில்லைவாணனுக்கும்."

தில்லைவாணன் முன்பு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இப்போது மடத்து மாடுகளைப் பார்த்துக்கொண்டு, சாணத்தைச் சுட்டுத் திருநீறு செய்துகொண்டிருந்தார். செய்தியைக் கேட்டு "ரொம்ப சந்தோஷம் சாமி" என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கூத்தபிரானும் சந்தோஷம் என்றுதான் சொன்னார். மறுநாள் குளிக்கும்போது வலது முழங்கை மடிப்பில் செக்கச் செவேலென்று ஒரு திட்டு இருந்தது.

பழைய வைத்திய நூல்களில் தோல் நோய்களுக்கென்று நீண்ட பட்டியல் உண்டு. கூத்தபிரானுக்கு அது மனப்பாடம். திங்கட்கிழமை தனக்கு ஒன்று வந்திருப்பதாக முடிவு செய்தார், செவ்வாய்க்கிழமை வேறொன்று. புதன்கிழமை பட்டியலில் உள்ள எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருப்பதாகத் தோன்றியது. திட்டு இடது கைக்கும் போயிருந்தது.

மற்றவர்களாக இருந்தால் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருப்பார்கள். மடத்தில் சட்டை கிடையாது. ஆகவே அவர் திருநீற்றால் மறைத்தார். குழைத்துப் பூசினார். காய்ந்து உதிர்ந்தால் மேலும் பூசினார். பூசப் பூச அரித்தது. அரிக்க அரிக்கப் பூசினார். பூசையின்போது சொறியக் கூடாது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பதிகத்தை உரக்கப் பாடினார்.

இதைப் பார்த்து உருகியவர்கள் உண்டு. ஐயாவுக்கு நாள் நெருங்க நெருங்கப் பக்தி முற்றுகிறது என்றார்கள். இரண்டு பேர் தாங்களும் முழங்கைவரை பூச ஆரம்பித்தார்கள்.

தில்லைவாணனுக்குத்தான் கவலை.

"ஐயா, நீங்க பூசற வேகத்துக்கு நம்ம மாடுகளால ஈடு குடுக்க முடியல" என்றார்.

அடிகள் ஒருநாள் கூத்தபிரானைக் கூப்பிட்டார். கையைக் காட்டச் சொன்னார். காட்டினார்.

"என்ன இது?"

"முன்வினை, சாமி."

"எந்தப் பிறவியில செஞ்சது?"

"அது தெரியாது."

"அப்ப முதல்ல டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க. பிறவியை அப்புறமாப் பார்க்கலாம்."

ஊரில் தோல் டாக்டர் ஒரு சின்னப் பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திட்டைப் பார்த்தார்.

"இதுல என்ன பூசறீங்க?"

"திருநீறு."

"எவ்வளவு நாளா?"

"நினைவு தெரிஞ்ச நாளா."

"இந்த இடத்துல கேட்டேன்."

கூத்தபிரான் கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இருக்கற ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிடும், சார். நெத்தியில தாராளமா வையுங்க. இங்க வேண்டாம். களிம்பு தரேன். குளிச்சதும் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவுங்க. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திக்காதீங்க. தூக்கம் எப்படி?"

"துறவு நோக்கி வந்தவனுக்குத் தூக்கம் குறைவாகத்தான் இருக்கும்."

"மனசுல ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கா?"

"மனமே இல்லாமல் இருக்கத்தானே மடத்துக்கு வந்தேன்."

டாக்டர் அவருடைய கையைப் பார்த்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே இடது கை வலது கையைச் சொறிந்துகொண்டிருந்தது.

"சரி. ஏதாவது ஓடினா வந்து சொல்லுங்க" என்று சீட்டு எழுதினார்.

களிம்பு நன்றாகவே வேலை செய்தது. திட்டு மங்கியது. பிறகு மார்கழி பிறந்தது, சபைக்குப் பந்தல்கால் நட்டார்கள், திட்டு கழுத்துக்கு ஏறியது.

கூத்தபிரான் அடிகளிடம் போய் நின்றார்.

"களிம்பு போடறேன், எண்ணெய் தடவறேன், திருநீறு அங்கே படாமப் பார்த்துக்கறேன். அப்படியும் ஏன் சாமி போக மாட்டேங்குது?"

அடிகள் சுண்டைக்காய் நசுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தைப்பூசத்துக்கு உங்க பேரை எடுத்துட்டேன்" என்றார்.

கூத்தபிரானுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தன் கைகளைப் பார்த்தார்.

"இந்தத் தோலுக்காகவா, சாமி?"

"காரணத்தை நீங்களே வந்து எங்கிட்டச் சொல்லுவீங்க. போயிட்டு வாங்க."

அன்று அவர் சாப்பிடவில்லை. தன் அறையில் பாயை விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்தார். இனி எழுந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனார். விழித்தபோது வெயில் ஜன்னல் வழியாகக் காலில் விழுந்திருந்தது. பூசை மணியே அவருக்குக் கேட்கவில்லை. கல்லூரி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித் தூங்கியதாக அவருக்கு நினைவில்லை.

வேலை ஒன்றும் இல்லாததால் மாட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தார். தில்லைவாணன் பஸ் கதை சொன்னார். ஒரு மூதாட்டி கோழிக்கு அரை டிக்கெட் கேட்டுச் சண்டை போட்டதைக் கேட்டுக் கூத்தபிரான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாளும் போனார். கன்றுக்குப் புல் போட்டார், களிம்பு தடவினார், பசித்துச் சாப்பிட்டார், படுத்ததும் தூங்கினார். இதே ஒழுங்கில் நாட்கள் போயின.

ஒருநாள் கூத்தபிரானோடு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்த தில்லைவாணன் நிறுத்தினார்.

"ஐயா, கையைப் பார்த்தீங்களா?"

"ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல. அதான் சொல்றேன். ஒண்ணுமில்ல."

கூத்தபிரான் பார்த்தார். முழங்கை மடிப்பில் வெளிறிய தடம் மட்டும் இருந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. வைக்கோலை அப்படியே போட்டுவிட்டு அடிகளிடம் ஓடினார்.

"சாமி, சரியாயிடுச்சு. பாருங்க. இனிமே தடை இல்லையே. என் பேரைச் சேர்த்துக்கலாமே."

அடிகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர்த்துக்கலாம். தைப்பூசத்துக்கு நில்லுங்க."

"ரொம்ப நன்றி, சாமி" என்றார் கூத்தபிரான்.

அடிகளின் பார்வை கீழே இறங்கியது. அவர் பார்வை போன இடத்தைக் கூத்தபிரானும் பார்த்தார். அவருடைய இடது கை, யாரும் சொல்லாமலே, வலது முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது.

கூத்தபிரான் அந்தக் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"தைப்பூசத்துக்கு யார் யார் வர்றாங்க?" என்று அடிகள் கேட்டார்.

"எங்கிட்டப் படிச்ச பசங்க. வேன் பிடிச்சு வர்றாங்களாம்."

"நல்லதுதானே."

கூத்தபிரான் கீழே உட்கார்ந்தார்.

"உடம்புங்கறது வெறும் சட்டை, அது கிழிஞ்சா என்ன, நைஞ்சா என்னன்னு வருஷக்கணக்கா அவங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கேன், சாமி. கைதட்டுவாங்க. இப்ப அவங்க முன்னாடி நிக்கணும். கை நடுங்கும். மந்திரத்தைத் திருப்பிச் சொல்லும்போது நாக்கு குழறும். இவரு நடத்தினது எதுவும் இவருக்கே உள்ள போகலைன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோயிடும்."

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் ஏதோ இடிந்து விழும் என்று எதிர்பார்த்தவர்போல் காத்திருந்தார். ஒன்றும் விழவில்லை. கொட்டகையில் கன்று கத்தியது.

"நடுங்கினா நான் பிடிச்சுக்கறேன்" என்றார் அடிகள். "குழறினா இன்னொரு தடவை சொல்லித் தரேன். வேற?"

கூத்தபிரான் வேறு ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்ல, சாமி. அவ்வளவுதான்."

இவ்வளவு சின்னதாக இருந்ததே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. தோளை இத்தனை நாளும் காதுவரை தூக்கி வைத்திருந்தது, அதை இறக்கியபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

தைப்பூசத்தன்று சபை நிறைந்திருந்தது. வேனில் வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வழுக்கை விழுந்திருந்தது. கூத்தபிரான் மேல்துண்டை எடுத்துவிட்டு நின்றார். முழங்கையில் சிவப்பாக ஒரு திட்டு, காசு அளவில், எல்லாரும் பார்க்க.

அடிகள் தலையில் இட்டார், நெற்றியில் இட்டார், மார்பில், தோளில் இட்டார். முழங்கைக்கு வந்ததும் நிறுத்தினார். திருநீற்றுத் தட்டை வைத்துவிட்டு, விளக்கருகில் இருந்த கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, திட்டின்மேல் தேங்காயெண்ணெய் தடவினார். அவசரமில்லாமல், ஓரங்கள் விட்டுப்போகாமல் தடவினார்.

கூத்தபிரானின் கை நடுங்கியது. அடிகள் பிடித்துக்கொண்டார். மந்திரத்தில் நாக்கு குழறியது. அடிகள் இன்னொரு தடவை சொன்னார். இரண்டாம் முறை சரியாக வந்தது.

முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். இன்னொருவர், "ஐயா வகுப்புலயும் மொத வரியைக் குழறுவாரு, ஞாபகம் இருக்கா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஆசையாகச் சொன்னது கூத்தபிரான் காதில் விழுந்தது. முப்பது ஆண்டுகளில் அவருக்குத் தெரியாமலிருந்த செய்தி அது. அடுத்து நின்ற தில்லைவாணன், இதுதான் முறை போலும் என்று எண்ணெய்க்குத் தன் முழங்கையையும் நீட்டினார்.

எல்லாரும் பந்திக்குப் போன பிறகு கூத்தபிரான் அடிகளை வணங்கி எழுந்தார்.

"இது மறுபடியும் வருமா, சாமி?"

"வரும்."

"வந்தா?"

"ஒரு மாசம் மறைச்சு வெச்சுக்காம, வந்ததும் எங்கிட்டச் சொல்லுங்க."

கூத்தபிரான் யோசித்தார். எதையும் வகைப்படுத்திக்கொள்ளாமல் அவருக்கு நகர முடியாது.

"எதைச் சொல்லணும், சாமி? அரிப்பையா, பயத்தையா?"

"எது முதல்ல வருதோ, அதை" என்றார் அடிகள்.