பெயர் தவறு

நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகம். அங்கே தலைமைப் புரோகிராமர் ஜெசிந்தா. அவரிடம் தொழில் கற்க வந்தவர் தாணுமாலயன். ஆசிரியையைவிட ஒன்பது வயது மூத்தவர். மருந்து விற்பனை வேலையை விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு புரோகிராம் எழுத வந்திருந்தார்.

அவர் தனியாக எழுதிய முதல் புரோகிராம் ஒரு கண் மருத்துவமனையின் வாசலில் திங்கட்கிழமை காலை ஓடத் தொடங்கியது. திரையில் பெயரை அடித்தால் டோக்கன் வரும்.

பதினொரு மணிக்கு அங்கிருந்து போன் வந்தது. ஆங்கிலத்தில் பெயர் அடித்தவர்களுக்கு டோக்கன் வந்ததாம். தமிழில் அடித்தவர்களுக்கு ‘பெயர் தவறு’ என்று வந்ததாம். செல்லம்மை என்ற அம்மாள் நான்கு முறை அடித்துப் பார்த்துவிட்டு, ஆதார் அட்டையில்தான் ஏதோ பிழை என்று அதைத் திருத்தப் போய்விட்டாராம்.

ஜெசிந்தா புரோகிராமைத் திறந்தார். பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும் என்று ஒரு வரி. அந்த வரிக்குத் தமிழின் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்தில்லை.

“இந்த வரி எங்க கிடைச்சுது?”

“இன்டர்நெட்ல. ஆயிரம் பேரு எடுத்துப் போடுறதுதான் மேடம்.”

“என்ன பேரு போட்டு டெஸ்ட் பண்ணுனீங்க?”

“ஏபிசி.”

 சரிபார்க்காமல் அனுப்பியது தன் தவறு என்றார் ஜெசிந்தா. அந்த வரியை நீக்கினார். மருத்துவமனையை அழைத்து, செல்லம்மைக்கு மூன்று மணி வரை இடம் வைத்திருக்கச் சொன்னார்.

தாணுமாலயனுக்குக் கோபம் வந்தது. மூன்று வாரம் உழைத்திருந்தார். சோதனைகள் எல்லாம் சரியென்றே வந்திருந்தன. எந்தப் புத்தகமும் இதைச் சொல்லவில்லையே.

“எந்த டூல் படிச்சா இந்தத் தப்பு வராது? அதச் சொல்லுங்க, படிக்கேன்” என்றார்.

ஜெசிந்தா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு அவரையும் கூப்பிட்டார்.

மருத்துவமனைக்குப் பக்கத்து இ-சேவை மையத்தில் ஆதார் திருத்துபவர்களின் வரிசை வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றது. கடைசிக்கு முந்தி செல்லம்மை. அட்டையைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வருஷமாக இந்தப் பெயர்தான் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனைக் கம்ப்யூட்டர் ஆட்கள் என்று ஜெசிந்தா அறிமுகம் சொன்னதும் அவர் அட்டையை நீட்டினார்.

“எம்பேருல என்ன தப்பு மக்களே?”

ஜெசிந்தா தாணுமாலயனின் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்க. பேரு தப்புன்னு சொல்லுங்க.”

அவர் அட்டையைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார். 

“மொகத்தப் பாத்து அத எப்பிடி மேடம் சொல்ல?”

“காலையிலேருந்து சொல்லிட்டுத்தானே இருந்தீங்க.”