மாசிலாமணியின் கரண்டுப் பீப்பாய்

"சத்தியம்! நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் ஆரோக்கியத்தோட தலைமுடி மொத்தமும் இப்பவே கொட்டிப் போகட்டும்!"

மாசிலாமணி இப்படி உரக்கச் சத்தியம் செய்ததும் சலூனில் இருந்த அத்தனை பேரும் ஆரோக்கியத்தின் தலையைப் பார்த்தார்கள். டிங்கர் பட்டறை ஆரோக்கியத்தின் தலையில் கொட்டுவதற்கு ஒரு முடியும் பாக்கியில்லை. இத்தனை வருஷமாக மாசிலாமணி செய்த சத்தியங்களால் வந்த வினை அது என்று பண்ருட்டிக் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு.

கோதண்டத்தின் சலூனில் ஜன்னலோரமாக ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கும். முடி வெட்டிக்கொள்ள வருபவர்கள் அதில் உட்காரக் கூடாது. அது கதை சொல்பவருக்கு உரியது. அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. நாற்காலியில் இருப்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். கேட்பவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். ஆனால் "நான் சொன்னது பொய்" என்று தன் வாயால் ஒத்துக்கொண்டால், அந்த நிமிஷமே நாற்காலியை விட்டு இறங்கிவிட வேண்டும். அதன் பிறகு ஆயுசுக்கும் அவர் கதை கேட்கத்தான் வரலாம், சொல்ல வரக் கூடாது.

முன்பு அந்த நாற்காலி ஆரோக்கியத்தினுடையது. பலாப்பழத்தை வெட்டினால் உள்ளே ஆட்டுக்குட்டி இருந்தது என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, எல்லாரும் சிரித்த சிரிப்பில் தானும் சிரித்து, "சும்மா சொன்னேன்பா" என்று வாய் தவறிவிட்டார். ஏழு வருஷமாக எதிர்ப் பெஞ்சியில் உட்கார்ந்து, மாசிலாமணி எப்போது வாய் தவறுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாசிலாமணி முப்பது வருஷம் முந்திரி மண்டியில் மூட்டைகளுக்கு வாய் தைத்தவர். தன் வாய்க்கு மட்டும் தையல் போடாமல் விட்டுவிட்டார்.

"பாண்டிச்சேரியில ஒரு ஓட்டலை மூடினான் பாரு, அங்க கெடச்சுது அந்தப் பீப்பாய். பீரு வர்ற பீப்பாய். சுத்த எவர்சில்வர். என் சைக்கிள் கேரியர்ல வச்சுக் கட்டிக்கிட்டு வர்றேன், செக்போஸ்ட்ல மடக்கிட்டான். 'என்னய்யா இது?'ன்னான். 'கோயில் மணிங்க, நாக்கு பின்னால லாரியில வருது'ன்னேன். செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டு அனுப்பி வச்சான்."

"பீப்பாய் எதுக்குய்யா உனக்கு?" என்றார் ஆரோக்கியம்.

"எதுக்கா? சாராயம் காய்ச்சத்தான்!"

இந்த இடத்தில் கோதண்டம் இருமினார். அவர் கையில் சவரக்கத்தி. முன்னால் சுழல் நாற்காலியில் புதிதாக வந்த ஆள் ஒருவர் சாய்ந்திருந்தார். கழுத்து முதல் பாதம் வரை வெள்ளைத் துணி, முகம் முழுக்கச் சோப்பு நுரை. மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"மத்தவன்லாம் விறகை வச்சுக் காய்ச்சுவான். புகை கிளம்பும், காட்டிக் குடுத்துடும். நான் கரண்டுக்காரன் இல்லையா? பீப்பாய் அடியில ஓட்டை போட்டு, வெந்நீர் வைக்கிற ஹீட்டரை உள்ள செருகினேன். ஒண்ணு இல்ல, பதினாறு. சுவிட்சைத் தட்டினேன் பாரு, மீட்டர்ல இருக்கிற சக்கரம் சுத்தின சுத்துல காத்து வர ஆரம்பிச்சிடுச்சு. அன்னியிலேருந்து எங்க வீட்டுல ஃபேனே போடறதில்ல. தெருவுல அத்தனை பல்பும் எங்க வீட்டுப் பக்கம் கழுத்தைத் திருப்பிப் பாக்குது. கரண்டு தயாரிக்கிற இடத்துலேருந்தே ஒரு ஆளு வந்து, 'ஐயா, கொஞ்சம் கொறைச்சுக்கங்க, எங்களுக்கே இருட்டா இருக்கு'ன்னு கையெடுத்துக் கும்பிட்டான்."

"உள்ள என்ன ஊறல் போட்டே?"

"பலாச்சுளை. ஒரே பழம், ஆறு பேரு தூக்கிட்டு வந்தாங்க. ஆட்டுக்குட்டி இல்லாத பழமாப் பாத்துத்தான் வாங்கினேன்."

பெஞ்சி முழுக்கச் சிரித்தது. ஆரோக்கியம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். கோதண்டம் மறுபடி இருமினார். இந்தத் தடவை கண்ணாடி வழியாக மாசிலாமணியைப் பார்த்துப் புருவத்தை ஏற்றி இறக்கினார். கதையின் அருமை தாங்காமல்தான் இப்படிச் செய்கிறான் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. உற்சாகம் கூடிவிட்டது.

"மொதல் சொட்டு கீழ ஒரு எறும்பு மேல விழுந்துச்சு. அந்த எறும்பு என்னை ஒரு பார்வை பாத்துட்டு, ஆட்டுக்கல்லைத் தூக்கித் தலைமேல வச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இன்னிக்கி வரைக்கும் எங்க வீட்டுல சட்னி கெடையாது. ரெண்டாவது சொட்டைப் பக்கத்து வீட்டுப் பூனை நக்கிட்டுது. நேரா தெருக்கோடி நாய்கிட்ட போயி, 'வெளிய வாடா'ன்னு கூப்பிட்டுது. நாய் காலி பண்ணிட்டு நெல்லிக்குப்பம் பக்கம் குடி போயிடுச்சு. மூணாவது சொட்டை ஒரு லாரி டேங்கியில விட்டேன். டிரைவர் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள லாரி திருச்சிக்குப் போயி லோடை எறக்கிட்டு வந்து அதே எடத்துல நிக்குது!"

"டிரைவர் இல்லாமலா?"

"டிரைவர் இருந்திருந்தா லேட் ஆகியிருக்கும்."

அப்போது நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நல்ல மரியாதையான குரல்.

"பெரியவரே, ஒரு நாளைக்கு எவ்வளவு சரக்கு எறங்கும்?"

வெளியூர் ஆள் ஒருவர் மெனக்கெட்டுக் கேட்கிறார். மாசிலாமணி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"தம்பி, நூறு லிட்டருக்குக் கொறைஞ்சா நான் சுவிட்சே போடறதில்ல."

"பீப்பாய் இப்ப எங்க இருக்கு?"

"வீட்டுலதான். கொல்லைப் பக்கம், கிணத்தடியில."

"வீடு எங்கன்னு சொன்னீங்க?"

கோதண்டம் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாசிலாமணி அவருக்காகச் சற்றுப் பொறுத்துவிட்டுச் சொன்னார்: "காளியம்மன் கோயில் பின்தெரு, பச்சைக் கதவு. அட்ரஸே வேணாம் தம்பி, வாசனையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா போதும்."

சுழல் நாற்காலி மெதுவாகத் திரும்பியது. அந்த ஆள் எழுந்தார். வெள்ளைத் துணி கீழே நழுவியது. உள்ளே காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, இடுப்பில் அகலமான பெல்ட். ஒரு கன்னம் பளபளவென்று இருந்தது, மறு கன்னத்தில் நுரை.

"நான் இந்த ஊருக்குப் புதுசா வந்த ஏட்டு. பர்னபாஸ். நேத்துதான் டூட்டியில சேந்தேன். வந்த மறுநாளே கேஸு கையில வந்து விழுது. நடங்க பெரியவரே, பச்சைக் கதவைப் பாத்துட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போவோம்."

கோதண்டத்தின் இருமல் அப்போதுதான் நின்றது.

வீட்டில் பீப்பாய் இருப்பது நிஜம். அதுதான் அந்தக் கதையில் இருந்த ஒரே நிஜம், அதுவா இப்படிக் கழுத்தைப் பிடிக்க வேண்டும்? போலீஸ் ஸ்டேஷன் வாசலை அவர் அறுபத்தெட்டு வயசு வரை மிதித்ததில்லை.

"யோவ் மாசி," என்றார் ஆரோக்கியம், பரம சாதுவாக. "எதுக்குய்யா இந்த வயசுல லாக்கப்புல கொசுக்கடி? ரெண்டே ரெண்டு எழுத்து. பொ போட்டு ய் போடு. ஏட்டய்யா விட்டுடுவாரு." சொல்லிக்கொண்டே பிரம்பு நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். தன் இடுப்பு அதில் இன்னும் பொருந்துமா என்று அளந்த பார்வை.

மாசிலாமணி வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் வாசலில் வடிவாம்பாள் வந்து நின்றாள். மாசிலாமணியின் மனைவி.

"வீட்டுச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டு இங்க வந்து உக்காந்துட்டா, நான் தெருவுல நிக்கிறதா?" என்றவள் காக்கியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இவரு சம்சாரமாம்மா நீங்க? உங்க வீட்டுல பீப்பாய் இருக்குதா?"

"இருக்குதுங்க."

வேண்டாம் என்று மாசிலாமணி அவளுக்குக் கண் காட்டினார்.

"அதுல என்ன இருக்கு?"

"கோழிங்க. பதினோரு முட்டை மேல அடைக்கு உக்காந்திருக்கு. கிட்டப் போயிடாதீங்க, கொத்தும்."

"இவரு அதுல காய்ச்சுறதாச் சொல்றாரே?"

"காய்ச்சுறாரா? இவரா?" வடிவாம்பாள் முகவாயில் கை வைத்தாள். "இவருக்குப் பால் காய்ச்சத் தெரியாதுங்க! போன வெள்ளிக்கெழமை பாலை அடுப்புல வச்சிட்டு, 'கொஞ்சம் பாத்துக்கங்க'ன்னு தண்ணி புடிக்கப் போனேன். வந்து பாத்தா அவ்வளவும் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு கெடக்கு. பக்கத்துலதான் நிக்கிறாரு!"

"பாத்துக்கன்னுதானே சொன்னே? பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?" என்று முனகினார் மாசிலாமணி.

"கரண்டு வச்சுக் காய்ச்சுனாராம்மா."

"சுவிட்சுல கை வைக்கப் பயந்துக்கிட்டு, கொடைக் கம்பால தட்டி லைட்டு போடுற மனுசங்க இவரு."

பெஞ்சியில் இருந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள். ஏட்டு பர்னபாஸ் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் பெல்ட்டில் வைத்துக்கொண்டு மாசிலாமணிக்கு நேரே வந்து நின்றார்.

"இங்க பாருங்க பெரியவரே. ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும். நீங்க சொன்னது பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் மிச்ச சவரத்தைப் பண்ணிக்கிட்டுப் போறேன். இல்ல, அம்மா சொன்னது பொய்னு சொல்லுங்க. வீட்டைச் சோதனை போட்டுட்டு ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

மாசிலாமணி மனைவியைப் பார்த்தார். வடிவு பொய் சொல்கிறாள் என்று சொன்னால் லாக்கப்பே மேல். அங்கேயாவது சோறு போடுவார்கள். நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிரம்பு அவர் கைக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தது. எதிரே ஆரோக்கியம் பெஞ்சியின் நுனிக்கு வந்துவிட்டார்.

மாசிலாமணி தொண்டையைச் செருமினார்.

"ரெண்டுமே நிஜம் சார்."

"எப்படி?"

"செவ்வாக்கெழமை காய்ச்சுறப்ப மூடி இறுகிப்போச்சு சார். உள்ள ஆவி நெருக்குது. பீப்பாய் ரெண்டு ஆட்டம் ஆடிச்சு, கூரையைப் பிச்சுக்கிட்டு மேல கெளம்பிடுச்சு. அந்தச் சத்தத்துல வடிவு மயங்கி விழுந்தவதான். செவ்வா, புதன் ரெண்டு நாளும் வந்துட்டுப் போனதே அவளுக்குத் தெரியாது. அவ மேல தப்பில்ல."

"செவ்வாக்கெழமை உங்களுக்குச் சோறு போட்டது யாரு?" என்றாள் வடிவாம்பாள்.

"தூக்கத்துலதான் போட்டே. அதான் கொழம்புல உப்பில்ல." மாசிலாமணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். குரலில் பழைய கம்பீரம் ஏறியது. "பீப்பாய் மேல போச்சு சார். மேகத்துல முட்டிச்சு. அங்க ஒரு பருந்து ஒரு கோழியைத் தூக்கிட்டுப் போகுது. பீப்பாயைப் பாத்த பயத்துல பருந்து பிடியை விட்டுடுச்சு, கோழி பொத்துனு பீப்பாய்க்குள்ள விழுந்துடுச்சு. கோழியோட எறங்கி எங்க கிணத்தடியில வந்து உக்காந்துச்சு. உள்ள இருந்த சூட்டுக்கு அது அப்படியே அடை காக்க ஆரம்பிச்சிடுச்சு. கண் முழிச்சுப் பாத்தவளுக்குக் கோழிதான் தெரியும். அவ சொல்றது சத்தியமான வார்த்தை."

"அந்த நூறு லிட்டர் சரக்கு?"

"அதைத்தான் சார் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறேன்." மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். "மேல போறப்ப பீப்பாய் கவுந்துச்சு. நேரா கீழ உங்க ஸ்டேஷன் மாடி. தண்ணித் தொட்டிக்கு மூடி இல்ல. நேத்து டூட்டியில சேந்தீங்களே, வந்ததும் தண்ணி குடிச்சீங்களா?"

ஏட்டு தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்: "குடிச்சேன்."

"எத்தனை டம்ளர்?"

"ரெண்டு."

"எழுதிக்கங்க சார். தடயம் பூரா உங்க வயித்துலதான் இருக்கு. கேஸு போட்டா மொதல்ல உங்களைத்தான் ஊதச் சொல்லுவாங்க."

ஒரு நிமிஷம் ஏட்டின் முகத்தில் எந்த அசைவும் இல்லை. பிறகு நுரை இருந்த கன்னம் மட்டும் துடித்தது. அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் நுரை தெறித்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுழல் நாற்காலியில் விழுந்தார்.

"பதினெட்டு வருஷ சர்வீஸுல 'நான் பண்ணல, நான் பண்ணல'ன்னு பொய் சொன்னவன் ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன். 'நான்தான் பண்ணேன், நான்தான் பண்ணேன்'னு பொய் சொல்ற ஆளை இன்னிக்கித்தான்யா பாக்குறேன். ஏம்ப்பா, இந்தக் கன்னத்தையும் முடிச்சு விடு."

"அப்ப, பொய்னு அவரு வாயால சொல்ல வேணாமா?" என்றார் ஆரோக்கியம் அவசரமாக.

"அதான் நான் சொல்லிட்டேனே," என்றார் ஏட்டு.

ஏட்டு சொன்னால் கணக்கில் வராது, நாற்காலியில் இருப்பவர் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். ஆரோக்கியம் மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்து பெஞ்சியில் பழைய இடத்திலேயே சாய்ந்துகொண்டார்.

சவரம் முடிந்து கிளம்பும்போது ஏட்டு வாசலில் நின்று, "குஞ்சு பொரிச்சதும் சொல்லி அனுப்புங்கம்மா, வந்து பீப்பாயைப் பாக்குறேன்," என்றார். வடிவாம்பாள் புருஷன் இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு, "உப்பில்லையா? மத்தியானம் வாங்க, உப்பு போடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசியாக ஆரோக்கியமும் பட்டறைக்குப் போனார்.

மாசிலாமணி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, கோதண்டத்தின் காதருகே வந்தார்.

"கோதண்டம், உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். அவ்வளவும் பொய்ப்பா. எவன் கேட்டாலும் நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."

கோதண்டம் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே சொன்னார்:

"சொன்னா மட்டும் எவன் நம்பப் போறான்? போண்ணே."