மைனா பாடிய மரகதத்தின் பாட்டு

சித்தேரிக் கரையில் மழை தொடங்கும்போது ஒரு பாட்டுத் திருவிழா நடக்கும். அந்த வருஷம் முதல் தடவையாக அதை டிவியில் நேரடியாகக் காட்ட ஏற்பாடு. ஏழு காட்டிலும் பார்ப்பார்கள். கொக்கின் நீளக் கழுத்தில் கேமராவைக் கட்டியாயிற்று. விளக்குக்கு மின்மினிகள் வந்தாயிற்று. எல்லாவற்றையும் ஓடியாடி நடத்தியது நரி.

கடைசிப் பாட்டு மரகதத்துக்கு. மரகதம் ஒரு பச்சைத் தவளை. பார்த்தால் ஒரு அரச இலை அகலம்தான். வாயைத் திறந்தால் ஏரி முழுக்கக் கேட்கும். நம்ம மரகதம் டிவியில வர்றா என்று அவள் சனம் ஒரு வாரமாக வேறு பேச்சே பேசவில்லை.

அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது. ஒன்பது நாள் விடாமல் ஒத்திகை பார்த்தாள். விழா அன்றைக்குக் காலையில் வாயைத் திறந்தால், காய்ந்த சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். துளசிச் சாறு குடித்தாள், மிளகை மென்றாள். சருகு சருகாகவே இருந்தது.

நரியிடம் போய், வேறு யாரையாவது பாடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். நரி அசையவில்லை.

"உன் பேரை ஏழு காட்டுக்கும் அறிவிச்சாச்சு மரகதம். நீ வாயை மட்டும் அசை. பாட்டு வேற பக்கமிருந்து வரும்."

வேறு பக்கம் என்றால் செல்லாயி என்கிற மைனா. ஒன்பது நாள் ஒத்திகையையும் கிளையில் உட்கார்ந்து கேட்டவள். எந்தக் குரலைக் கேட்டாலும் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வாள். நரி அவளை மேடைக்குப் பின்னால் தாழம்புதரில் உட்கார வைத்தது. ஒத்திகையில் கேட்டதை ஒரு எழுத்து விடாமல் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது.

"ஒரு எழுத்து விட மாட்டேன் அண்ணே" என்றாள் செல்லாயி.

மரகதத்துக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் தாமரை இலை ஒவ்வொன்றிலும் அவள் சனம் இடம் பிடித்துக் காத்திருந்தது. மேடை ஏறினாள்.

மழையைக் கூப்பிடுகிற பாட்டு அது. முதல் அடி தேனாக இறங்கியது. மரகதம் வாயசைத்தாள். யானைகள் தலையாட்டின. கொக்கு கழுத்தை நீட்டி அவள் முகத்தை டிவி நிறையக் காட்டியது. உச்சத்துக்குப் போகிற இடம் வந்தது. மரகதம் வாயை ஆவென்று பிளந்தாள்.

"நிறுத்து, நிறுத்து" என்றது அவள் குரல். "டேய் மரங்கொத்தி, தாளம் எங்கடா போகுது? கொட்டுறியா, புழு தேடுறியா?"

பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மரங்கொத்தி திருதிருவென்று விழித்தது. மரகதம் பிளந்த வாய் பிளந்தபடி நின்றாள். குரல் நிற்கவில்லை.

"இந்த நரியண்ணனுக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்? அவரு ஊளையிட்டா நிலாவே மேகத்துக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கும்."

ஏழு காடும் கேட்டது. என்றைக்கோ ஒத்திகையில், எரிச்சலில் சொன்ன பேச்சு. செல்லாயி அதையும் பாட்டோடு சேர்த்துப் பாடம் பண்ணி வைத்திருந்தாள்.

ஒரே தாவல் தாவினால் தண்ணீர். அடியில் சேறு. புதைந்துகொண்டால் ஆறு மாசம் யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். தாவுவதற்கு மரகதம் காலை மடக்கியேவிட்டாள். அப்போது தன் சனத்தைப் பார்த்தாள். அத்தனை பேரும் தலை குனிந்திருந்தார்கள். அவள் மைக்குக்குப் பக்கத்தில் வந்தாள்.

"என் தொண்டை போயிடுச்சு" என்றாள் கரகரத்த குரலில். "இது வரைக்கும் வாயைத்தான் அசைச்சேன். பாடினது மைனா. திட்டினது மட்டும் நான். மரங்கொத்தி, நரியண்ணே, மன்னிச்சுக்குங்க."

முன்வரிசையில் இருந்த ஆமை கழுத்தை வெளியே நீட்டியது.

"இந்தக் குரலுக்கு என்ன குறைச்சல் தாயி? இதுலயே பாடேன்."

மரகதம் பாடினாள். பாட்டு சருகு மாதிரிதான் வந்தது. இரண்டாவது அடியில் குரல் அறுந்தது. அறுந்த இடத்தில் ஒரு தாமரை இலையிலிருந்து ஒரு தவளை எடுத்துக் கொடுத்தது. பக்கத்து இலை சேர்ந்துகொண்டது. அப்புறம் ஏரி முழுக்கப் பாடியது. மரங்கொத்தி தாளம் தப்பாமல் கொட்டியது. எத்தனையோ விழா பார்த்த யானைகள் எழுந்து நின்று கேட்டன.

பாட்டு முடிந்ததும் நரி வந்து முறைத்தது. "நிலா ஒளிஞ்சுக்குமா?" என்று கேட்டது. அப்புறம் அதற்கே சிரிப்பு வந்துவிட்டது.

மரகதம் மெல்லத் தண்ணீரில் இறங்கினாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தலைக்கு மேலே இருந்த கிளையில் செல்லாயி வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்னிக்கு நீங்க மைக்ல பேசினதையும் பாடம் பண்ணிட்டேன்."

"தாராளமா எங்க வேணும்னாலும் சொல்லு" என்றாள் மரகதம்.

உள்ளதைச் சொன்னவர்கள், அதை யார் திருப்பிச் சொன்னாலும் பயப்பட வேண்டியதில்லை.